மாமாவின் டாமைச் சுற்றி ஒரு டிரம் செட்

பினாங்கு ஜெலுத்தோங்கில் மாமா வீட்டு அலமாரிக்கு மேல் ஒரு டாம் டிரம் இருந்தது, டிரம் செட்டில் மேலே மாட்டும் சின்ன டிரம். குறுக்கே 12 அங்குலம், உயரம் 8 அங்குலம். மேல் தோல் இல்லை. அடித்தோல் மட்டும் இருந்ததால் அது ஒரு பெட்டி மாதிரி ஆகிவிட்டது. அத்தை அதில் பழைய கேசட்டுகளைப் போட்டு வைத்திருந்தார். சுற்றியிருந்த மினுமினுப்பு உறை ஒரு காலத்தில் நீலம். வருடக்கணக்கில் மஞ்சள் ஏறி, எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அது பச்சையாகத்தான் இருந்தது. அது நீலம் என்று எனக்குத் தெரிந்ததே போன வருடம் ஒரு லக்கை, அதாவது தோலை இறுக்கும் கம்பி வந்து திருகும் உலோகப் பிடியை, கழற்றியபோதுதான். லக்குக்கு அடியில், வெளிச்சமே படாத இடத்தில், கட்டைவிரல் அகலத்துக்குப் பளிச்சென்று நீலம்.

மாமாவின் சாவிக்கொத்தும் எனக்குச் சின்ன வயதிலிருந்து பழக்கம். வீட்டுச் சாவி, மோட்டார் சாவி, கேட் சாவி, அவற்றோடு ஒரு கட்டைச் சாவி. அதற்குப் பல் கிடையாது. முனையில் சதுரமாக ஒரு குழி மட்டும் இருக்கும். சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க வைத்திருக்கிறார் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாமா 1970களில் பினாங்கில் ஒரு தமிழ் இசைக்குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். கல்யாணம், கோயில் திருவிழா, தோட்டத்துத் தீபாவளி விருந்து என்று சனி ஞாயிறுகளில் அழைப்பு வரும். பினாங்குப் பாலம் 1985-இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன்னால் கூலிம், சுங்கைப் பட்டாணி பக்கம் வாசிக்கப் போனால் வேனை ஃபெரியில் ஏற்றித்தான் அக்கரைக்குப் போக வேண்டும். ஒரே வேனில் ஏழெட்டுப் பேர், எலெக்ட்ரிக் ஆர்கன், தபேலா, டோலக், இரண்டு கிட்டார், ஒலிபெருக்கிகள், இத்தனைக்கும் நடுவில் ஒரு டிரம் செட். டாமுக்குள்ளே மேடைச் சட்டைகளைச் சுருட்டி வைப்பார்களாம். நிகழ்ச்சி முடிந்து ராத்திரியில் ஃபெரிக்கு வரிசையில் நிற்கும்போது, அந்தச் சட்டைகளைத் தலைக்கு வைத்துத் தூங்கியதாக மாமா சொல்வார்.

செட் சின்னதாக இருந்ததற்கு வேன் மட்டும் காரணம் இல்லை. அதை மாமாவிடம் கேட்டபோதுதான் எனக்கு இந்த விஷயத்தின் மேல் பைத்தியம் பிடித்தது என்று சொல்லலாம். அவர் சொன்னது இது: "தபேலாக்காரரு டக்காவுல ஒரு கும்கி வாசிப்பாரு. அந்த நேரத்துல நான் பெரிய பேஸ் டிரம்ம வெச்சு மிதிச்சா அது யாருக்குக் கேக்கும் மாப்ள? தபேலாவுக்கு எடம் விட்டு வாசிக்கணும். பாடுறவங்களுக்கும் எடம் விடணும்." சினிமாப் பாட்டை மேடையில் வாசிக்கும் குழுவில் தாழ்ந்த நாதம் ஏற்கெனவே தபேலாவின் இடது பக்கமான டக்காவில் எழும் கும்கியிலும் பேஸ் கிட்டாரிலும் இருக்கிறது. டிரம்ஸ் அதற்கு மேல் உட்கார வேண்டும். சுருக்கமாக, உலர்ந்து, ஒரு தட்டு தட்டினால் அடுத்த தட்டுக்கு முன்னால் அடங்கிவிட வேண்டும். இன்று கடையில் நாம் பார்க்கும் 22 அங்குல பேஸ் டிரம் செட்டுகளுக்கு அந்த வேலை வராது. அவை வேறு இசைக்காகச் செய்யப்பட்டவை.

1980களின் கடைசியில், தாளத்தையும் தானே போட்டுக்கொள்ளும் கீபோர்டுகள் வந்தபோது குழு கலைந்தது. மாமா செட்டை விற்றார். வாங்க வந்தவர் இந்த டாமை மட்டும் வேண்டாம் என்று விட்டுப் போனார். டாமைத் தாங்கும் பிராக்கெட் பிளைவுட்டைக் கிழித்துக்கொண்டு வந்திருந்ததுதான் காரணம். அப்படித்தான் அது அலமாரிக்கு மேல் போனது.

நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். பள்ளியில் பேண்டில் ஸ்நேர் (அடியில் கம்பி இழை போட்ட டிரம்) வாசித்தவன். மாமாவின் டாமைக் கீழே இறக்கி, கேசட்டுகளை அத்தையிடம் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக் கொடுத்துவிட்டு, அதைச் சுற்றி ஒரு முழு செட் செய்வது என்று முடிவெடுத்தேன். ஒரே ஒரு விதிதான் வைத்துக்கொண்டேன்: டாமை மற்ற டிரம்களுக்காக மாற்றக்கூடாது, மற்றவை எல்லாம் டாமைப் பார்த்து வர வேண்டும்.

முதல் கேள்வி, இது எந்தக் கம்பெனி டிரம்? பெயர்த் தகடு எப்போதோ விழுந்துவிட்டது. காற்றோட்டத் துளையில் பித்தளை வளையம் மட்டும் மிச்சம். உள்ளே பார்த்தால் மெல்லிய மூன்றடுக்குப் பிளைவுட், இரண்டு விளிம்பிலும் ஓர் அங்குல உயரத்துக்கு மர வளையம் ஒட்டப்பட்டிருந்தது. இது 1960களின் ஜப்பானிய ஏற்றுமதி டிரம்களின் அமைப்பு. 1964 பிப்ரவரி 9 அன்று பீட்டில்ஸ் குழு அமெரிக்கத் தொலைக்காட்சியில் எட் சல்லிவன் நிகழ்ச்சியில் தோன்றியபோது ரிங்கோ ஸ்டார் வாசித்தது லட்விக் கம்பெனியின் சின்ன செட்: 20 அங்குல பேஸ் டிரம், 12 அங்குல டாம், தரையில் காலூன்றி நிற்கும் 14 அங்குல ஃபுளோர் டாம். அதற்குப் பிறகு உலகம் முழுக்க இளைஞர்களுக்கு அந்த மாதிரி செட் வேண்டியிருந்தது. அமெரிக்க விலை கொடுக்க முடியாதவர்களுக்கு ஜப்பானியத் தொழிற்சாலைகள் செய்து அனுப்பின. ஒரே தொழிற்சாலை டிரம்மில் வெவ்வேறு நாட்டு இறக்குமதியாளர்கள் தங்கள் பெயர்த் தகட்டைப் பதித்துக்கொண்டார்கள். நம் பக்கத்தில் மலாய்க் கூகிரான் குழுக்கள், அதாவது கிட்டார் இசைக்குழுக்கள், ஊருக்கு ஊர் முளைத்த காலமும் அதுதான். மாமா தன் செட்டை அப்படி ஒரு குழுவில் வாசித்த மலாய்க்காரரிடமிருந்துதான் வாங்கினார்.

கிழிந்த இடத்தைச் சரிசெய்ய, பழைய நாற்காலி மேசைகளைப் பழுதுபார்க்கும் ஒரு சீனத் தவுக்கேயிடம் (கடை முதலாளியிடம்) டாமைக் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கிழிசலின் ஓரத்தை நகத்தால் சுரண்டி, மோந்து பார்த்து, "மெராந்தி" என்றார். நான் இது ஜப்பான் சாமான் என்றேன். அவர் திரும்பவும் "மெராந்திதான்" என்றார்.

அவர் சொன்னது சரி. இந்த டிரம்களின் மரத்தை லுவான் என்பார்கள். அது பிலிப்பீன்ஸ் பக்கத்துப் பெயர். நாம் மெராந்தி என்று சொல்வதும் அதுவும் ஷோரியா என்ற ஒரே மர இனம். 1960களில் ஜப்பானியப் பிளைவுட் ஆலைகள் பிலிப்பீன்ஸ், சபா, கலிமந்தான் காடுகளிலிருந்து மரங்களைக் கப்பல் கப்பலாக வாங்கித் தாள் தாளாகச் சீவின. அந்தப் பிளைவுட்டில் கதவும் செய்தார்கள், டிரம்மும் செய்தார்கள். நம் பக்கத்துக் காட்டு மரம் ஜப்பானுக்குப் போய், நீல உறை போட்டுக்கொண்டு, பினாங்குக்கே திரும்பி வந்து மாமாவின் வேனில் ஏறியிருக்கிறது. அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் டாமை மடியில் வைத்துக்கொண்டே வந்தேன்.

மேப்பிள் மரத்தைக் கொண்டாடுகிற டிரம் விரும்பிகள் லுவானை ரொம்ப நாள் மட்டமான மரம் என்று ஒதுக்கினார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. மரம் மெல்லிசாகவும் இலேசாகவும் இருப்பதால் தோலோடு சேர்ந்து அதுவும் சீக்கிரம் அசைகிறது, சீக்கிரம் அடங்குகிறது. ஓரத்து மர வளையம் வட்டம் கோணாமல் பிடித்துக்கொள்கிறது. மாமாவுக்குத் தேவைப்பட்ட சத்தம் அதுதான். பெயர்த் தகட்டைப் பார்த்து வாங்குகிறவர்கள் இதை இழந்துவிடுகிறார்கள்.

சரி, மற்ற டிரம்கள். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் லோரோங் கூலிட் போகத் தொடங்கினேன். சிட்டி ஸ்டேடியம் பக்கத்தில் இருக்கும் பழைய சாமான் சந்தை. தார்ப்பாய் விரித்துப் பழைய கடிகாரம், செம்புக் காசு, ஸ்பேனர், செருப்பு, விசிறி மோட்டார் என்று எதையும் வைத்திருப்பார்கள். கூலிட் என்றால் மலாயில் தோல். தோல் சந்தில் எனக்குக் கிடைத்தது தோல் இல்லாத ஒரு டிரம். 14 அங்குல ஃபுளோர் டாம், வெறும் மரக்கூடு. வளையம் இல்லை, லக் இல்லை, உறை உரிந்திருந்தது, உள்ளே ஒரு மணி பிளான்ட் தொட்டி. தொட்டியைத் தனியாக எடுத்துக் கொடுத்துவிட்டு 35 வெள்ளிக்கு (ரிங்கிட்) தந்தார். உள்ளே அதே செம்மண் நிற மரம், அதே மூன்றடுக்கு.

வட்டம் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே அளந்திருக்க வேண்டும். வீட்டில் அளந்தபோது ஒரு பக்கம் குறுக்கே மூன்று மில்லிமீட்டர் கூடுதல். வளைந்த டிரம்மில் தோல் ஓர் இடத்தில் கூட்டில் உரசும், இன்னோர் இடத்தில் தொங்கும். என்ன இறுக்கினாலும் ஒரே சுருதிக்கு வராது. தவுக்கே ஒரு வழி சொன்னார். மெல்லிய மெராந்திப் பட்டியை வெந்நீரில் ஊறவைத்து வளைத்து, புதிதாக உள் வளையம் செய்து, நீளமான பக்கத்தைப் பெல்ட் போட்டு இறுக்கிக்கொண்டே ஒட்டச் சொன்னார். இரண்டு நாள் காயவிட்டு அவிழ்த்தேன். அரை மில்லிமீட்டருக்குள் வந்துவிட்டது. இன்னொன்றும் அவர் சொல்லித்தான் கவனித்தேன்: கூடு 14 அங்குலத்துக்கு ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) குறைவாகத்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும். அந்த ஒரு நூல் இடைவெளியில்தான் தோல் எதிலும் சிக்காமல் இறங்கி உட்காருகிறது.

பழைய துளைகளை மர ஆணி அடித்து அடைத்துவிட்டு, லக்குகளுக்குப் புதிதாகக் குறித்தேன். இதற்குக் கணக்கே வேண்டாம். ஒரு நீளக் காகிதப் பட்டையைக் கூட்டைச் சுற்றி ஒட்டி, சேரும் இடத்தில் வெட்டி, கழற்றி, பாதியாக மடித்து, அந்தப் பாதியை மூன்றாக மடித்தால் ஆறு லக்குக்கு ஆறு மடிப்பு. திரும்பச் சுற்றினால் துளை போட வேண்டிய இடம் தெரிந்துவிடும். என் கூட்டில் ஏழே கால் அங்குலத்துக்கு ஒன்று வந்தது. அத்தை மல்லிகைச் சரத்தை அளந்து பங்கு போடுவதும் இப்படித்தான்.

லக்குகளையும், தோலை இறுக்கும் டென்ஷன் கம்பிகளையும் அஞ்சலில் வரவழைத்தேன். மாமாவின் டாமுக்கே நான்கு கம்பிகள் குறைந்தன. "எல்லா டிரம்முக்கும் பொருந்தும்" என்று போட்டு விற்ற ஒருவரிடம் அந்த நான்கையும் வாங்கினேன். கையால் திருகினேன், இரண்டு மூன்று சுற்று தளர்வாக ஏறியது, அப்புறம் இறுகியது. மரை பிடித்துவிட்டது என்று நினைத்து சாவி போட்டு அழுத்தினேன். உள்ளே இருந்த பித்தளை நட்டின் மரை வழித்துக்கொண்டு போய்விட்டது. அறுபது வருடத்துப் பழைய நட்டு. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்புறம் வேலையிடத்தில் மரை அளவுகோல் வைத்துப் பார்த்தால், மாமாவின் டாமில் இருப்பது அமெரிக்க முறை, விட்டம் ஐந்தரை மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 24 மரை. வந்த கம்பிகள் ஐந்து மில்லிமீட்டர் மெட்ரிக். தினமும் மரை பார்க்கிற வேலை செய்கிறவன், வீட்டில் அவசரப்பட்டேன். இந்த வேலையில் இறங்குகிற யாருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான்: எந்தக் கம்பியையும் அளக்காமல் பழைய நட்டில் திருகாதீர்கள். முறையான கம்பி விரலாலேயே கடைசி வரை ஓடும். உடைந்த ஒரு ஜப்பானிய டிரம்மிலிருந்து பிறகு ஒரு நட்டு கிடைத்தது. அதோடு லக்குக்குள்ளே இருக்கும் ஸ்பிரிங் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் பஞ்சு வைத்தேன். வைக்காவிட்டால் ஒவ்வொரு அடிக்கும் அது கிணுகிணுக்கும்.

பேஸ் டிரம்தான் பெரிய வேலை. மாமா வைத்திருந்தது 20 அங்குலம். எனக்கு 18 போதும் என்று தோன்றியது. ஜாஸ் வாசிப்பவர்கள் 18 அங்குல பேஸ் டிரம்மை வெகுகாலமாகப் பயன்படுத்துகிறார்கள்; 1963-இல் பதினேழு வயதில் மைல்ஸ் டேவிஸ் குழுவில் சேர்ந்த டோனி வில்லியம்ஸ் கிரெட்ச் கம்பெனியின் 18 அங்குலத்தில்தான் வாசித்தார். ஆனால் அந்த அளவில் பழைய பேஸ் டிரம் இங்கே கண்ணில் படவே இல்லை. சுங்கைப் பட்டாணியில் ஒரு குழு கலைந்து, 1980களின் பெரிய செட் ஒன்றைத் தனித்தனியாக விற்றுக்கொண்டிருந்தது. அதில் 18 அங்குல ஃபுளோர் டாம், 16 அங்குல உயரம். 180 வெள்ளி. ஃபுளோர் டாமைப் படுக்கவைத்தால் பேஸ் டிரம் ஆகிவிடும், அடிப்படையில் அவ்வளவுதான். கால்களை எடுத்துவிட்டுப் பக்கவாட்டில் முட்டுக்கால் இரண்டு வைக்க வேண்டும். இரும்பு வளையத்துக்குப் பதில் மர வளையம், அதைக் கவ்விப் பிடிக்க நகங்கள், கையால் திருகும் நீளக் கம்பிகள். பெடல் மர வளையத்தில்தான் ஒழுங்காக நிற்கும். டிரம் சின்னதாக இருப்பதால் பெடலின் சுத்தி நடுவில் படாமல் மேலே போய் அடிக்கும். அதற்குப் பெடல் பக்கம் கூட்டை இரண்டு அங்குலம் தூக்கிப் பிடிக்கும் ஒரு தாங்கி வைத்தேன்.

உயரத்தை 16-இலிருந்து 14-க்கு வெட்டினேன். தவுக்கேயின் கடையில் வெட்டும்போது ஓர் இடத்தில் பிளேடு உள்ளே இறங்கி ஒரு மில்லிமீட்டர் பள்ளம் விழுந்துவிட்டது. அந்தப் பள்ளத்துக்குச் சமமாக மற்ற சுற்று முழுவதையும் இறக்க வேண்டியதாயிற்று. கண்ணாடிக் கடையில் இரண்டடிச் சதுரத்துக்குத் தடித்த கண்ணாடி வெட்டி வாங்கி, அதன் மேல் உப்புத்தாளை ஒட்டி, கூட்டைக் கவிழ்த்து வைத்து மெதுவாக வட்டமாகத் தேய்க்க வேண்டும். ஐம்பது சுற்று, கால் திருப்பம், திரும்ப ஐம்பது. மூன்று மாலைகள் போயின. சரியாக வந்ததா என்று பார்க்க விளக்குகளை அணைத்துவிட்டு, கூட்டை வெறும் கண்ணாடி மேல் கவிழ்த்து, உள்ளே டார்ச்சை எரியவிட்டுச் சுற்றி வந்து குனிந்து பார்க்க வேண்டும். விளிம்புக்கும் கண்ணாடிக்கும் நடுவே வெளிச்சம் ஒழுகினால் இன்னும் வேலை இருக்கிறது. மூன்றாவது நாள் இரவு எங்கும் ஒழுகவில்லை. கூடம் முழுக்க இருட்டு, கூட்டின் மேல் பக்கத் துளையிலிருந்து மட்டும் கூரையில் ஒரு வெளிச்ச வட்டம். கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

விளிம்பை எப்படிச் சீவுவது என்பதுதான் இந்த முழு வேலையிலும் எனக்கு முக்கியமாகப் பட்டது. இப்போது செய்கிற டிரம்களில் விளிம்பை 45 டிகிரியில் கூராகச் சீவுகிறார்கள். தோல் மரத்தை ஒரு கோடாக மட்டும் தொடும். அடி தெளிவாகக் கேட்கும், நாதம் நீளும். மாமாவின் டாமில் விளிம்பு உருண்டை. தோல் மரத்தின் மேல் படிந்து உட்காரும். மேல் நாதங்களை மரமே விழுங்கிவிடும். அந்த டாமின் பழமையான சத்தம் என்று நான் எதைக் கேட்கிறேனோ, அதில் பாதிக்கு மேல் இந்த உருண்டையில் இருக்கிறது என்பது என் அனுபவம். சுங்கைப் பட்டாணிக் கூட்டைப் படுக்கவைத்தபோது அதில் இருந்தது கூர் விளிம்பு. தற்காலிகமாகத் தோல் போட்டு அடித்துப் பார்த்தேன், பெரிய மேடைச் செட்டின் ஒரு துண்டாகவே கேட்டது. வெளிப்பக்கத்தை உருட்டி, கையால் தேய்த்து, மாமாவின் டாமை அருகில் வைத்து விரலால் தடவித் தடவி ஒப்பிட்டு முடித்தேன். அப்புறம் அடித்தபோது அது டாமின் அண்ணன் மாதிரி பேசியது.

உறை ஒட்டுவதைப் பிப்ரவரிக்குத் தள்ளிப்போட்டேன். பினாங்கில் ஜனவரி, பிப்ரவரியில்தான் காற்று கொஞ்சம் உலர்ந்திருக்கும். மற்ற மாதங்களில் இரண்டு பக்கமும் தடவிக் காயவிடும் பசை, காய்வதற்குள் ஈரத்தைப் பிடித்து வெள்ளை பூத்துவிடும். நிறம் எது என்று மாமாவிடம் கேட்டேன். பச்சையாகப் பழுத்த நிறமா, லக்குக்கு அடியில் இருந்த நீலமா? அவர் யோசிக்கவே இல்லை. "நான் வாங்குனப்ப நீலம்." ஆகவே நீலம். மாமாவின் டாமின் உறையை நான் தொடவில்லை. பழைய உறை செல்லுலாய்டு, சட்டென்று தீப்பிடிக்கும் சாமான். கிழிந்த இடத்துக்கு அருகில் சூடு எதுவும் காட்டாமல்தான் பழுது பார்த்தோம். புது உறையைக் கூட்டில் படியவைக்கும்போது நடுவில் மெழுகுத்தாள் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக உருவிக்கொண்டே போக வேண்டும். பசையும் பசையும் தொட்டுவிட்டால் அப்புறம் நகர்த்த முடியாது.

அது தைப்பூச சமயம். உறுமி மேளப் பையன்கள் எங்கள் தாமான் குடியிருப்பில் ராத்திரி பத்து மணி வரை பழகிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் ஒரு தண்ணீர்ப்பந்தலுக்குப் பின்னால் இரண்டு பேர் காகிதத்தைக் கொளுத்தித் தப்புக்குச் சூடு காட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். ஈரக் காற்றில் தோல் தொய்ந்துவிடும், சூடு காட்டினால் இறுகும். டிரம் செட்டுக்கும் முன்பு கன்றுத்தோல்தான். 1957-இல் ரெமோ பெல்லி என்ற அமெரிக்க டிரம் வாசிப்பாளர் பாலியெஸ்டர் தாளில் செய்த தோலை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதற்கு அவர் வைத்த பெயரே வெதர் கிங், வானிலைக்கு ராஜா. வருடம் முழுக்க வியர்க்கிற நம் ஊரில் அதன் அருமை நன்றாகப் புரியும். நான் போட்டதும் அந்த வகைதான்: வெள்ளைப் பூச்சுள்ள ஒற்றைத் தாள், கால் மில்லிமீட்டர் கனம். பேஸ் டிரம்மில் தோலுக்கு அடியில் ஒரு கம்பளித் துணிப் பட்டையைக் குறுக்கே இழுத்து வைத்தேன். தலையணை திணிப்பதைவிட அது நல்லது. அடியின் வால் மட்டும் குறையும், டிரம் மூச்சுவிடும்.

ஸ்நேரைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பழைய ஜப்பானிய இரும்பு ஸ்நேர், எட்டு லக், பட்டர்வொர்த்தில் 120 வெள்ளிக்கு நல்ல நிலையில் கிடைத்தது. அடியில் 20 இழைக் கம்பியைப் புதிதாக மாற்றினேன், அவ்வளவுதான்.

சிம்பல்களை வாங்கியது ஹோட்டலில் வாசித்து ஓய்வுபெற்ற ஒருவரிடம். தாளம் ஓட்டும் 20 அங்குல ரைட் ஒன்று, காலால் மூடித் திறக்கும் 14 அங்குல ஹை-ஹேட் ஜோடி ஒன்று. இரண்டும் ஜில்ஜியான். 1623-இல் கான்ஸ்டாண்டிநோபிளில் தொடங்கிய பட்டறையின் பெயர் அது. பிறகு அமெரிக்காவுக்கு வந்தது. நல்ல சிம்பலின் வெண்கலத்தில் எண்பது பங்கு செம்பு, இருபது பங்கு ஈயம், அதாவது வெள்ளீயம். நம் கோயில் மணிக்கும் பஜனைத் தாளத்துக்கும் கிட்டத்தட்ட இதே கலவைதான். ஒரு காலத்தில் உலகத்திலேயே அதிக ஈயம் எடுத்த நாடு மலாயா. பேராக்கின் ஈயம் பினாங்குத் துறைமுகம் வழியாகப் போனது, பட்டர்வொர்த்தில் ஈயம் உருக்கும் ஆலை இருந்தது. என் தாத்தா ஈய லம்பத்தில், அதாவது ஈயச் சுரங்கத்தில், கூலியாக இருந்தவர். சிம்பலைத் துடைக்கும்போது அவரை நினைத்துக்கொள்வேன்.

சிம்பல் உட்பட மொத்தச் செலவு 1,900 வெள்ளியை ஒட்டி வந்தது. புது செட் ஒன்றையே வாங்கியிருக்கலாமே என்று வீட்டில் கேட்டார்கள். வாங்கியிருக்கலாம். ஆனால் மாமாவின் டாம் அதில் எங்கே நிற்கும்?

ஞாயிறு மாலை நான்கு மணிக்கு எல்லாவற்றையும் மைவி காரில் ஏற்றி மாமா வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஒரே நடையில் அடங்கியது. கூடத்தில் கோணிச் சாக்கு விரித்து அதன் மேல் வைத்தேன். இரண்டு நீலத்துக்கு நடுவில் டாம் மட்டும் பச்சை. மாமாவுக்கு வயது எழுபத்து நான்கு, முட்டிவலி. தாழ்வான ஸ்டூலில் உட்கார முடியாது. சாப்பாட்டு மேசை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் குச்சிகளை நீட்டினேன். வாங்கவில்லை. ஒவ்வொரு டிரம்மையும் நடுவிரலால் மெல்லத் தட்டினார். பேஸ் டிரம்மைக் குனிந்து உள்ளங்கையால் தட்டினார். "எடம் விடுது" என்றார். ஸ்நேருக்கு வந்ததும் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நான்காக மடித்து ஓரத்தில் வைத்தார்.

டாமில் நின்றார். மேலே தட்டினார், அடித்தோலில் தட்டினார், திரும்ப மேலே.

"அடித்தோலு ஏறி இருக்கு மாப்ள. டாம் தொண்டைய அடைச்சிக்கிட்டுப் பேசுது."

டிரம் சாவியை எடுக்க என் பையைத் திறந்தேன். அதற்குள் மாமா சாவிக்கொத்தை வெளியே எடுத்துவிட்டார். வீட்டுச் சாவி, மோட்டார் சாவி, கேட் சாவி, கட்டைச் சாவி. டாமின் அடிப்பக்கத்தில் அதைச் சொருகிக் கால் சுற்று தளர்த்தினார். எதிரில் ஒன்று, பக்கத்தில் ஒன்று, அதற்கு எதிரில் ஒன்று. ஃபுளோர் டாமுக்குப் போனார், ஸ்நேருக்குப் போனார். கம்பிகள் நான்கு இடங்களிலிருந்து வந்தவை, மரையும் ஒன்றாக இல்லை. தலை மட்டும் எல்லாவற்றுக்கும் அதே சதுரம். சாவி எங்கேயும் தடங்கவில்லை. கொத்தில் இருந்த மற்ற சாவிகள் ஒவ்வொரு திருப்பத்துக்கும் டிரம்மில் உரசிக் கிலுகிலுத்தன.

பிறகு குச்சி கேட்டார். வலது கையால் ரைடில் மட்டும் கொஞ்ச நேரம் ஓட்டினார். இடது கை ஸ்நேரில் சேர்ந்தது. கால் வர நேரமாயிற்று, வந்தது. டாமுக்கு அவர் கை போனபோது அந்தப் பழைய மெராந்தி ஒரே ஒரு சொல் சொல்லிவிட்டு அடங்கியது.

பக்கத்து வீட்டில் என்ன சொல்வார்களோ என்று அத்தை வாசல் கதவைச் சாத்தப் போனார்.

"தொறந்தே கெடக்கட்டும்" என்றார் மாமா, கையை நிறுத்தாமல்.